தட்டிப் பார்த்த பேனல்

இந்த ஏ.சி.யைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். எனக்காகச் சொல்லவில்லை, நான் குளிர் அறையில் வேலை பார்த்துப் பழகியவள். அதோ எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவர் நான் வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறார். மூக்கைத் துடைப்பாரா, நான் சொல்வதை எழுதுவாரா, பாவம். நான் வேகமாகப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் ஒரு சொல் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளட்டும். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் கிளம்பி வந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் முத்திரை குத்திய பேனல்தான் கடலில் விழுந்த அந்த விமானத்தின் வாலில் இருந்தது என்கிறீர்கள். முத்திரை அவருடையதுதான். அதை நான் இல்லையென்று சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் மேசைக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பேனல் யார் கையிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? முழுதாகத் தெரியாமல் ஒரு மனிதரை உள்ளே உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் வேலை பார்க்க ரொம்பச் சாதாரணமானது. மேலே ஒரு மெல்லிய தகடு, கீழே ஒரு மெல்லிய தகடு, நடுவில் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இழுத்து விரித்த அலுமினியம். அந்தக் கூட்டைத் தனியாக எடுத்தால் விரலால் நசுக்கிவிடலாம். தகட்டைத் தனியாக எடுத்தால் காற்றுக்கே வளையும். இரண்டுக்கும் நடுவில் பசைத்தாள் வைத்து, பெரிய பிரஷர் அடுப்பில் ஏற்றி வேகவைத்து எடுத்தால், மேலே ஒரு ஆள் நின்று குதிக்கலாம், அசையாது. தூக்கினால் கனமே இருக்காது. விமானத்துக்கு வேண்டியது அதுதான். ஆக எல்லாம் அந்தப் பசையில் இருக்கிறது. பசை விட்டுவிட்டால் தகடும் உதவாது, கூடும் உதவாது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் எங்கள் சூப்பர்வைசர், "புருஷன் பெஞ்சாதி மாதிரின்னு வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எனக்கு அந்த ஜோக் பிடிக்காது.

நான் ஒட்டுகிற அறையில் இருந்தேன். அங்கே வெறுங்கை படக் கூடாது. தகட்டைக் கழுவிக் காயவைத்த பிறகு, கைவிரல் வியர்வை பட்டாலே அந்த இடத்தில் பசை பிடிக்காது. அதனால் எப்போதும் வெள்ளைக் கையுறை. தலைக்கு எண்ணெய் கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது, கைக்குக் கிரீம் அறவே கூடாது. கிரீமில் இருக்கிற வழுவழுப்பு ஒருமுறை தகட்டில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அதுவும் கண்ணுக்கே தெரியாது. தலை பளபளவென்று வந்த ஒருத்தியை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் எல்லோருடைய கையும் இப்படித்தான் வெடித்துப்போய் இருக்கும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அவர் தட்டிப் பார்க்கிறவர். வெந்து வந்த பேனலைச் சின்னச் சுத்தியலால் விரலிடை விரலிடையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாகப் பிடித்த இடம் டிக் டிக்கென்று கெட்டியாகச் சொல்லும். பிடிக்காத இடம் காலி அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி தொப்பென்று கேட்கும். அவ்வளவுதான் வித்தை. பெரிய பேனல்களை மிஷினிலும் வைத்துப் பார்ப்பார்கள். வால் பக்கத்துச் சின்னப் பேனல்களுக்கு அவர் காது ஒன்றுதான் சோதனை. பட்டறையில் அவருக்குப் பெயரே 'காது'தான். "காது வந்தாச்சா?" என்பார்கள். "காது என்ன சொல்லுது?" என்பார்கள். அவருக்கு அதில் பெருமை. நடையே வேறு மாதிரி இருக்கும்.

நல்ல மனிதர். குடி இல்லை, கை நீட்டும் வழக்கம் இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று சில நாள் நினைப்பேன். தட்டை நீட்டினால் தட்டைப் பார்ப்பார், நீட்டுகிறவளைப் பார்க்க மாட்டார். ஒருமுறை முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி, "அக்காவுக்கு இந்த முடி நல்லா இருக்குல்ல?" என்று அவரிடம் கேட்டாள். "எந்த முடி?" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பட்டறையிலும் என்னைத் தெரிந்தவளாகவே காட்டிக்கொள்ள மாட்டார். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்பதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அப்புறம் அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. தேன்கூட்டை அறுக்கிற ரம்பத்துக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றால் யாருக்குத்தான் ஆகாது? குக்கர் விசில் காதில் விழவில்லை. வாசல் மணி விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து நின்றார். எதற்காகவும் அடுப்படிக்கு வருகிறவர் இல்லை.

"தட்டுறேன். ஆனா எல்லாம் ஒரே மாதிரி கேக்குது" என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாத. மானம் போயிடும்."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

காலையில் நாங்கள் ஒட்டி முடித்துவிட்டால், அடுப்பில் அது வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் எங்களைச் சோதனை மேசைக்கு அனுப்புவார்கள். பேனலைத் துடைத்துக் கொடுப்பது, அவர் காட்டுகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவது. நான் கேட்டு வாங்கி அவர் மேசைக்கு எதிரே நின்றேன். அவர் தட்டுவார், நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நன்றாக இருந்தால் நான் கண்ணை மூடித் திறப்பேன். தொப்பென்று கேட்டால் உதட்டைக் கடிப்பேன். உடனே அந்த இடத்தை விரலால் காட்டி, "இங்க போடும்மா வட்டம்" என்பார், யாரோ மாதிரி. ஒரு கெட்ட பேனலும் நாங்கள் விட்டதில்லை. நீங்கள் விசாரித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு புகார் கிடையாது.

ஒரு பேனலுக்கு எத்தனை தட்டு, எத்தனை பேனல் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை தரம் அவர் என்னைப் பார்த்தார். வீட்டிலும் பேச்சுப் புரிய வேண்டுமென்றால் என் உதட்டைப் பார்த்தாக வேண்டும். டிவியை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்காருவார். "ஏய், உனக்கு மூக்குக்குக் கீழ மச்சம் இருக்கு" என்றார் ஒருநாள், ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஒருவருக்குக் காது போனதில் இன்னொருத்தி சந்தோஷப்படலாமா என்று நீங்கள் நினைக்கலாம். நான் அதைப் போக வைக்கவில்லையே. போனதை வைத்துக் குடும்பம் நடத்தினேன், அவ்வளவுதான்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, ஊரிலிருந்து வந்தாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. வந்த அன்றே, "என்னடா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குற? காது அவுட்டா?" என்று போட்டு உடைத்துவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?" என்றாள். அடுத்த நாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். பட்டாணி அளவுதான். முடிக்குப் பின்னால் மறைந்துவிடும். கிளம்பும்போது என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையா இது? உப்புத்தாள் மாதிரி இருக்கு. லீவு நாள்லயாவது இதத் தடவு" என்று ஒரு கிரீம் டியூப்பையும் கொடுத்தாள். நல்லது நினைத்துத்தான் கொடுத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

மிஷின் வந்த பிறகு அவர் வீடு முழுக்க நடந்து நடந்து கேட்டார். குழாய் சொட்டுகிறது என்றார், ஃபேன் கிறீச்சிடுகிறது என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது, "நீ மெல்லுறப்ப இவ்ளோ சத்தம் வருமா?" என்றார். டிவி மறுபடி ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே என்னோடு பேச அவரால் முடிந்தது. மேசையில் அவர் பேனலைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இனிமே நீ கஷ்டப்பட்டுக் கவனிக்க வேணாம், எனக்கே நல்லா கேக்குது" என்றார். கஷ்டம் என்று நான் எப்போது சொன்னேன்? அவருக்கு அது தோன்றவே இல்லை.

ஒரே ஒரு தரம் அந்த மிஷின் அவரை நட்டாற்றில் விட்டால் புத்தி வரும் என்று நினைத்தேன். இதில் தப்பாக ஒன்றும் இல்லை. எந்த மனைவியும் நினைப்பாள். அதற்கு ஒரு கெட்ட பேனல் வேண்டும். எங்கள் அறையில் கெட்ட பேனல் எப்போதாவதுதான் வரும். நாங்கள் அவ்வளவு சுத்தம்.

அந்தப் படத்தை இப்படிக் கொடுங்கள். கடலுக்கடியிலிருந்து எடுத்த துண்டா? தெளிவாகவே இருக்கிறது. சுற்றிலும் தேன்கூட்டின் கண்கள் பசையில் பதிந்திருக்கின்றன. நடுவில் மட்டும் ஒன்றும் பதியாமல் மொழுமொழுவென்று இருக்கிறது. உள்ளங்கை, நான்கு விரல், கட்டைவிரல். உங்கள் நிபுணர்கள் இதைப் பார்த்துவிட்டு யாரோ கவனக்குறைவாகக் கை ஊன்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களாம். கவனக்குறைவு என்று எழுதியது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இதோ, என் கையை மேலே வைக்கிறேன், பாருங்கள். கையுறையைக் கழற்றி, கிரீமை நன்றாகத் தடவி, பத்து எண்ணும்வரை அழுத்தினேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அன்றைக்கு மிஷினில் பேட்டரி தீர்ந்துபோனது என்று அவர் சொல்லியிருப்பார். அது தானாகத் தீரவில்லை. தீர்ந்த பேட்டரிகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்கிற பழக்கம் அவருக்கு. கிடந்து கிடந்து அதில் கொஞ்சம் உயிர் ஊறும். அரை நாள் தாங்கும். காலையில் அவர் குளிக்கப் போனபோது அப்படி ஒன்றை எடுத்து உள்ளே போட்டேன்.

என்னுடைய திட்டம் யாருக்கும் கெடுதல் இல்லாதது. மத்தியானம் மிஷின் அடங்கும். பேனல் மேசைக்கு வரும். அவர் தட்டுவார், கேட்காது, பயந்துபோய் என்னைப் பார்ப்பார். நான் உதட்டைக் கடிப்பேன். பேனலை ஒதுக்கி வைத்துவிடுவார். அவருக்கும் மானம் தப்பும், எனக்கும் என் இடம் கிடைக்கும். நஷ்டம் கம்பெனிக்கு, ஒரே ஒரு பேனல்.

விமானக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து மேசையருகே போனில் பேசிக்கொண்டே நின்றது நான் எதிர்பாராதது. என் வீட்டுக்காரர் ஒருமுறை காதைத் தொட்டார். மிஷின் செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்ததை நான் பார்த்தேன், கழுத்தில் வியர்த்துவிட்டது. ஆனாலும் தட்டினார். டிக் டிக்கென்று போய், என் கை இருந்த இடத்தில் தொப், தொப், தொப். நான் எதிரே நிற்கிறேன், இரண்டடி தூரம். பென்சில் தயாராகக் கையில் இருக்கிறது. அவர் நிமிரவில்லை. கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை தட்டிவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்த ஆள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நீ வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். கேட்காதவரிடம் வலியப் போய் என்ன சொல்வது? அவர் என்னை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். ஒரே ஒரு தரம். அந்த விமானத்தில் போனவர்கள் எல்லோரும் இன்றைக்கு அவரவர் வீட்டில் இருப்பார்கள். நான் யார்மேலும் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது நீங்கள் அறிந்ததுதான். ஒட்டாத இடத்துக்குள் ஈரம் இறங்கும், மேலே போனால் உறையும், உறைந்து உப்பும், பக்கத்துப் பசையையும் கிளப்பும். ஒரு நாளில் ஆகிற காரியம் இல்லை, மாதக் கணக்கில் ஆகும். என் கை அளவு இருந்தது மெல்ல மெல்லத் தகடு முழுக்கப் பரவியிருக்கிறது. டிவியில் செய்தி வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இறந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறியிருக்கிறாள். நல்ல களையான குழந்தை. எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. வால் உடைந்தது என்று கீழே எழுத்து ஓடியதும் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பேனலுக்கு முத்திரை குத்திய நாளுக்குப் பிறகு அவர் ஏன் காது மிஷினைப் போடுவதை நிறுத்தினார் என்றா? அவர் சொல்லவில்லையா?

வக்கீல் அவருடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நானே தட்டினேன், நானே முடிவு செய்தேன், வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை, யாரையும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். எதிரே ஒருத்தி நின்றாள் என்று ஒரு வரி இல்லை. இத்தனை மாதம் யார் கண்ணைப் பார்த்து முத்திரை குத்தினார் என்று இல்லை. என் மனைவி என்ற சொல்கூட அதில் ஒரு இடத்திலும் வரவில்லை. உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறார் என்றார் வக்கீல். இருக்கலாம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கிளம்பி இங்கே வந்துவிட்டேன்.

முத்திரை குத்திய அன்று சாயங்காலம் நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நேரே வந்து தரையில் என் எதிரே உட்கார்ந்தார். கையிலிருந்த துணியை வாங்கி ஓரமாக வைத்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை ரொம்ப மிருதுவாக இருந்திருக்கும் அன்றைக்கு. அவர் அதைக் கவனிக்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் பேட்டரி போயிடுச்சு. அந்த ஆள் நிக்கிறாரேன்னு வெளிய காட்டிக்காம சும்மா தட்டிட்டுக் குத்திட்டேன்" என்றார். "நீ எதிரதான நின்ன. அந்த வால் பேனல் எப்படி கேட்டுச்சு? சரியில்லன்னா சொல்லு. லாரி காலைலதான் கிளம்புது. மானம் போனாப் போகுது, இப்பவே போய் நிறுத்திடுறேன்."

அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. மேசையில் பார்த்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. தொப்பென்று கேட்டது என்று சொல்லியிருந்தால் என் கையை உதறிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடியிருப்பார். எனக்கு அவர் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருந்தது. அதனால், நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வசதியாக, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"நீ சொன்னா சரி" என்றார். மூச்சை விட்டார். "இந்த மிஷினெல்லாம் நம்ப முடியாது. நாளைலேருந்து நீயே எதிர நில்லு" என்றார். விமானம் விழுகிறவரை நான்தான் நின்றேன்.

ஆகவே யாரையும் கேட்கவில்லை என்று அவர் சொன்னது பொய். அதை அடித்துவிட்டு என்னைக் கேட்டார் என்று திருத்தி எழுதுங்கள். என்னைக் கேட்காமல் அவர் எதையும் செய்கிறவர் இல்லை.